முதல் நாளே முழுப் பணம்

(ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



பெண்களும் இளைஞர்களும் தொடங்கும் தூய எரிசக்தித் தொழில்களுக்கு வளர்காப்பகங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இன்குபேட்டர் என்றால்தான் நம்மில் பலருக்குப் புரியும். இன்று நம் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் அந்தப் பெயரில் ஓர் அறை இருக்கிறது. கண்ணாடிக் கதவு, வண்ண நாற்காலிகள், சுவரில் பெரிய எழுத்தில் ஏதாவது ஒரு வாசகம். அந்த அறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பது பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லின் பூர்வீகம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் படேவியா என்று ஒரு சிற்றூர். அங்கே வேளாண் கருவிகள் செய்துகொண்டிருந்த மேஸி ஹாரிஸ் ஆலை 1950களில் மூடப்பட்டது. ஊரில் பாதிப் பேருக்கு வேலை போன மாதிரி ஆயிற்று. அந்தப் பெரிய கட்டடத்தை வாங்கிய மான்குசோ குடும்பத்துக்கு, முழுதாக வாடகைக்கு எடுக்க ஆள் கிடைக்கவில்லை. 1959-ல் ஜோசப் மான்குசோ அதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சின்னத் தொழில்களுக்கு விட்டார். முதலில் குடிவந்தவர்களில் ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகமும் உண்டு. அதை வைத்து அவர் வேடிக்கையாகத் தம் கட்டடத்தை இன்குபேட்டர் என்று சொல்லப்போக, அந்தப் பெயர் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

மான்குசோ தம் குடித்தனக்காரர்களுக்குக் கொடுத்தவை குறைந்த வாடகை, பொதுவான அலுவலக வசதி, தொழில் யோசனை, அவற்றோடு முதலீடு திரட்ட உதவி. நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது முதல் மூன்றும் வந்தன. நான்காவது வழியில் எங்கோ தவறிவிட்டது. தூய எரிசக்தித் தொழிலுக்கு வேண்டியது அந்த நான்காவதுதான். பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் அது இல்லாமல் மற்ற மூன்றும் கொடுப்பதால் பெரிய பயன் இல்லை. இன்று நான் நிறுவ வந்திருக்கும் கருத்து இதுதான். ஆறு குறிப்புகளாகச் சொல்கிறேன். ஆறும் ஒரே நீளத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

1. செலவு எப்போது வருகிறது

ஒரு சிறிய மாவு மில்லை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை. டீசல் இன்ஜினோடு வைத்தால் 40,000 ரூபாய். ஓட்டும் நாளொன்றுக்கு 250 ரூபாய் டீசல். அதே மில்லைச் சூரிய ஒளியில் ஓட்ட, பேனலும் மோட்டாரும் சேர்த்து 2,50,000 ரூபாய். எரிபொருள் செலவு இல்லை. ஆண்டுக்கு 250 நாள் ஓடினால் டீசலில் 62,500 ரூபாய் மிச்சம். கூடுதலாகப் போட்ட 2,10,000 ரூபாய் மூன்றரை ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறது. பேனலோ இருபது ஆண்டு உழைக்கும். கணக்குப் பார்த்தால் யாரும் டீசல் பக்கம் போகவே கூடாது.

இப்போது வட்டியைச் சேர்த்துப் பாருங்கள். அந்த 2,10,000 ரூபாயை 10 சதவீதத்தில் வாங்கினால் முதல் ஆண்டு வட்டி 21,000. மிச்சமாகும் டீசல் பணத்தில் வட்டியைக் கட்டி அசலிலும் கழிக்கலாம். நுண்கடன் நிறுவனத்திடம் 24 சதவீதத்துக்கு வாங்கினால் முதல் ஆண்டு வட்டி 50,400. மிச்சமான 62,500-ல் கையில் நிற்பது 12,100. ஒரு மாதம் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. சூரியனும் பேனலும் மில்லும் மாறவில்லை. கடன் வாங்கியவர் யார் என்பதுதான் மாறியது.

டீசல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கேட்கும். சூரிய ஒளி இருபது ஆண்டுக் காசை முதல் நாளே கேட்டுவிடும். அதனால் இந்தத் துறையில் பொறியியலைவிட வட்டி விகிதம் பெரிது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. பெரிய நிறுவனத்துக்குப் பெரிய கடன் கிடைத்தது. சில மாதங்களில் கட்டி முடித்தார்கள். அதே மாவட்டக் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் ஒரு பெண் ஒரு சூரிய உலர்த்திக்குக் கடன் கேட்டு எத்தனை முறை வங்கிப் படி ஏற வேண்டியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் தலையிலும் அதே வெயில்தான்.

2. பட்டா யார் பெயரில்

முதல் நாளே முழுப் பணம் வேண்டும் என்றால் கடன் வேண்டும். கடன் என்றால் ஈடு வேண்டும். ஈடு என்றால் நம் நாட்டில் நிலம், வீடு, நகை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடி நிலவுடைமைகளில் பெண்கள் கையில் இருப்பவை 14 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. களை எடுப்பதிலும் நாற்று நடுவதிலும் அவர்கள் பங்கு என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்துவிட்டது; நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆனது. ஆனால் 1989-க்கு முன் மணமாகியிருந்த பெண்களுக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் பொருந்தவில்லை. அதற்குப் பின் வந்தவர்களிலும் பலர், "அண்ணன்கிட்ட போய்ப் பங்கு கேட்கவா?" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். சட்டம் கொடுத்ததைப் பாசம் வாங்கிக்கொண்டது. பாசத்தை வங்கியில் அடகு வைக்க முடியாது.

ஈடில்லாக் கடனுக்குத் திட்டங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. சிறுதொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் அறக்கட்டளையை மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-லேயே ஏற்படுத்தின. 2015-ல் முத்ரா கடன் திட்டம் வந்தது. 2016-ல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு பெண்ணுக்கும் தாழ்த்தப்பட்டோர் அல்லது பழங்குடியினர் ஒருவருக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தர வேண்டும் என்றது. காகிதத்தில் குறையில்லை. கிளை மேலாளர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். மளிகைக் கடை அவருக்குத் தெரியும், மாடு தெரியும், தையல் இயந்திரம் தெரியும். சூரிய உலர்த்தியைப் பறிமுதல் செய்தால் யாரிடம் விற்பது? அதற்குப் பழைய சாமான் சந்தை கிடையாது. அவர் கொடுமைக்காரர் அல்ல. கடன் வாராமல் போனால் விளக்கம் எழுத வேண்டியவர் அவர். அதனால் திட்டத்தில் ஈடு வேண்டாம் என்றிருந்தாலும், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்கிறார்.

இளைஞர்களுக்கு இதே கதவு வேறு பூட்டோடு இருக்கிறது. அப்பா பெயரில் நிலம் இருக்கலாம். ஆனால் அவர்களுக்குச் சிபில் ஸ்கோர் கிடையாது. அல்லது கல்விக் கடன் பாக்கியால் அந்த ஸ்கோர் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும்.

இங்கே வளர்காப்பகத்தின் வேலை என்ன? திட்ட அறிக்கை எழுதச் சொல்லிக்கொடுப்பது மட்டும் அல்ல. வங்கியின் பயத்தில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்வது. முதல் இழப்பு வந்தால் இவ்வளவு வரை எங்கள் நிதியிலிருந்து ஈடுகட்டுகிறோம் என்று எழுதிக் கொடுப்பது. பழைய உலர்த்தியைத் திரும்ப எடுத்து இன்னொருவருக்கு விற்றுத் தருவோம் என்று வங்கிக்குச் சொல்வது. வண்ண நாற்காலிக்குச் செலவாகும் பணத்தில் இதில் கொஞ்சம் செய்ய முடியும்.

3. தவணையின் நாள்காட்டி

கடன் கிடைத்துவிட்டது என்றே வைப்போம். எப்போது, எப்படித் திருப்பிக் கட்டுவது என்பதில்தான் பாதித் தொழில்கள் மூழ்குகின்றன.

தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசு முதலில் கட்டியது 1989-ல், தருமபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. மாதக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று அந்த ஒழுங்கு இரண்டு தலைமுறைப் பெண்களுக்குக் கையெழுத்தும் கணக்கும் சபையில் பேசும் துணிவும் தந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடனின் தாளம் மாதத் தவணை. வாங்கிய மறுமாதமே தொடங்கிவிடும். ஆடு வாங்கினாலும் கடை வைத்தாலும் சரி, சூரிய உலர்த்தி வைத்தாலும் சரி, அதே தாளம்.

திண்டுக்கல் பக்கத்துப் பெண் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வளர்காப்பகத்தின் தேர்வுக் குழு முன்னால் வந்தார். இருபத்து நான்கு வயது. முருங்கை இலையை நிழலில் காயவைத்துப் பொடியாக்கும் தொழில். வெயிலில் நேராகப் போட்டால் நிறம் போய்விடும், வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்காகவே அவரும் உள்ளூர் வெல்டிங் பட்டறைக்காரரும் சேர்ந்து ஓர் உலர்த்தி செய்திருந்தார்கள். குழுவில் நானும் இருந்தேன். அவர் சொன்ன கணக்கில் ஒரு வரி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "மேடம், மழை மாசம் ரெண்டும் மெஷின் சும்மா நிக்கும். தவணை நிக்காது." இந்தத் துறையைப் பற்றி நான் படித்த அறிக்கைகளைவிட அந்த வரி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

பெங்களூரில் 1995-ல் ஹரீஷ் ஹண்டே முதலானோர் தொடங்கிய செல்கோ நிறுவனம் இதைத் தெருவோர வியாபாரி ஒருவரிடம் கற்றுக்கொண்டது. மாதம் 300 ரூபாய் என்றால் முடியாது, நாளைக்கு 10 ரூபாய் என்றால் முடியும் என்றாராம் அந்த வியாபாரி. தொகை ஒன்றுதான். ஆனால் அன்றாடம் சம்பாதிப்பவர் கையில் மாதக் கடைசியில் 300 ரூபாய் ஒன்றாக நிற்காது. செல்கோ செய்தது விளக்கு விற்பது மட்டும் அல்ல. கர்நாடகத்தின் கிராமப்புற வங்கிகளோடு உட்கார்ந்து, வாடிக்கையாளரின் வரும்படி வரும் நாளைப் பார்த்துத் தவணையை வெட்டித் தைத்தது. பூக்காரருக்கு ஒரு தவணை, பாக்கு விவசாயிக்கு வேறு தவணை.

இதையே நாடளவில் செய்துகாட்டியது வங்கதேசம். அங்கே கிராமீன் சக்தி என்ற அமைப்பு 1996-ல் தொடங்கியது. 2003-லிருந்து இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் பின்னால் நின்று பணம் கொடுக்க, கிராமீன் சக்தி போன்ற அமைப்புகள் முன்னால் நின்று வீட்டுக்கு வீடு சூரிய விளக்கு விற்றன. முதலில் ஒரு சிறு பங்கு கட்ட வேண்டும். மீதி மூன்று ஆண்டு வரை மாதத் தவணை. தவணை வாங்க வருகிறவரே விளக்கைச் சோதித்துப் பழுதும் பார்ப்பார். அதனால் அவர் வந்தால் வீட்டில் நாற்காலி போட்டார்கள், ஒளிந்துகொள்ளவில்லை. இப்படி நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விளக்கு எரிந்தது. வீட்டில் மாதாமாதம் மண்ணெண்ணெய்க்குப் போன காசு தவணையாக மாறியது. புதுச் செலவு என்று வீட்டுக்காரருக்குத் தோன்றவில்லை.

4. வாங்க ஆள் இருக்கிறாரா

கடன், தவணை இரண்டும் சரியானாலும் பொருள் விற்க வேண்டும். தமிழ்நாட்டில் எரிசக்தித் தொழில் என்றதும் மாணவர்கள் முதலில் சூரிய விளக்கு என்கிறார்கள். நம் ஊரில் கம்பி போகாத கிராமம் அரிது. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விவசாய மோட்டாருக்கும் மின்சாரம் இலவசம். இங்கே விளக்கு விற்கக் கிளம்புகிறவரை நான் தடுத்து நிறுத்துவேன். வாய்ப்பு இருப்பது மின்சாரத்தை விற்பதில் அல்ல, அதைக் கொண்டு செய்யும் பொருளை விற்பதில்: உலர்த்துவதில், குளிர்விப்பதில், அரைப்பதில், நூற்பதில்.

மகாராஷ்டிரத்தில் எஸ்4எஸ் டெக்னாலஜீஸ் என்றொரு நிறுவனம். மும்பை வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் படித்த நண்பர்கள் தொடங்கியது. கிராமத்துப் பெண்களிடம் சூரிய உலர்த்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், கடன் வாங்க உதவினார்கள். அதோடு நிற்கவில்லை, பெண்கள் காயவைத்த வெங்காயத்தையும் இஞ்சியையும் தாங்களே வாங்கி உணவுத் தொழிற்சாலைகளுக்கு விற்றார்கள். 2023-ல் எர்த்ஷாட் பரிசு பெற்றதால் அந்த நிறுவனத்தைப் பலருக்குத் தெரியும். நான் கவனிப்பது பரிசை அல்ல, அந்தக் கொள்முதலை. சரக்கை வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்றால் வங்கி மேலாளரின் முகம் மாறிவிடும்.

ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் டசர் பட்டு நூலைப் பெண்கள் தங்கள் தொடையில் வைத்து உருட்டி முறுக்கியே எடுத்துவந்தார்கள். தோல் உரியும், உட்கார்ந்தே முதுகு போகும். சூரிய ஒளியில் ஓடும் சிறு நூற்பு இயந்திரம் வந்தபின் வலியும் குறைந்தது, நாளொன்றுக்கு எடுக்கும் நூலும் கூடியது. நூலுக்குச் சந்தை ஏற்கெனவே இருந்ததால் இயந்திரத்துக்கும் சந்தை வந்தது. சந்தை இல்லாத இடத்தில் இயந்திரத்தை மட்டும் மானியத்தில் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஊராட்சி அலுவலகங்களின் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடப்பவையே சாட்சி.

கடன் இல்லாமலே முதல் சரக்கைக் கையில் கொடுக்கும் வழியும் ஒன்று உண்டு. உகாண்டாவில் தொடங்கிய சோலார் சிஸ்டர் அமைப்பு ஆரம்பத்தில் பெண்களுக்கு விளக்குகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தது: விற்றபின் காசு கொடு. நம் ஊர்ச் சேலை வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. விற்று முதல் தரும் அந்தப் பழைய பழக்கத்தைச் சூரிய விளக்குக்குப் பொருத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

5. இரண்டாம் ஆண்டுப் பழுது

விற்ற கருவி இரண்டாம் ஆண்டில் பழுதானால் பார்க்க ஊரிலேயே ஆள் வேண்டும். ராஜஸ்தானின் திலோனியாவில் 1972-ல் பங்கர் ராய் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு ஆறு மாதத்தில் சூரிய விளக்குக் கருவிகளைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுக்கிறது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பாட்டிகள் வந்து கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் பாட்டிகள்? இளைஞனுக்குக் கற்றுக்கொடுத்தால் சான்றிதழோடு நகரத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறான் என்று கண்டார்கள். இளைஞர்களை ஊக்குவிக்க என்று அழைக்கப்பட்ட மேடையில் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனால் அவன் பஸ் ஏறுவதற்குக் காரணம் ஊரில் பழுது பார்ப்பதற்கு யாரும் சம்பளம் வைக்கவில்லை என்பது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில், ஒரு கோடி வீடுகளின் மாடியில் பேனல் என்பது இலக்கு. வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். அது வேலை முடிந்தபின் வீட்டுக்காரரின் கணக்குக்குப் போகிறது. பேனலையும் இன்வெர்ட்டரையும் முன்பணம் கொடுத்து வாங்கிவந்து பொருத்தும் இளைஞருக்கு, அது வரும்வரை தன் காசு முடங்கிக் கிடக்கிறது. பதிவுக்கு வங்கி உத்தரவாதம் வேறு தர வேண்டும். ஐந்து ஆண்டு பராமரிப்புப் பொறுப்பும் அவர் தலையில். ஆக, நாட்டின் பெரிய திட்டம் ஒன்று ஒரு சின்ன ஊர் எலக்ட்ரீஷியனிடம் கைமாற்று வாங்கி ஓடுகிறது. மூன்று மாத நடைமுறை மூலதனம் கிடைத்தால் அவர் பிழைத்துக்கொள்வார். அதைத் தரும் வளர்காப்பகம் எத்தனை?

வங்கதேசக் கதையின் பிற்பகுதியையும் மறைக்கக் கூடாது. 2010களின் நடுவில் மின்கம்பி வேகமாகக் கிராமங்களுக்குள் வந்தது. அரசே சில திட்டங்களில் இலவச விளக்கும் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்கு இலவசம் என்றால் நான் ஏன் தவணை கட்ட வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. விற்ற அமைப்புகள் கடனில் மாட்டின. கொள்கை மாறும் அபாயத்தை ஒரு சிறு தொழில்முனைவோர் தனியாகத் தாங்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

6. குழு கேட்கும் கேள்விகள்

கடைசியாக, என்னைப் போன்றவர்கள் உட்காரும் தேர்வுக் குழுக்கள். முருங்கைப் பெண்ணிடம் எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார்: "கல்யாணம் ஆயிட்டா என்னம்மா பண்ணுவீங்க?" அன்றைக்கு வந்திருந்த ஆண்கள் யாரிடமும் இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "மெஷினுக்கு அடியில சக்கரம் வச்சிருக்கேன் சார்" என்றார். குழுவும் சிரித்தது. ஆனால் அந்தச் சக்கரம் வேடிக்கைக்கு வைத்ததல்ல. நம் ஊரில் பெண்ணின் தொழில் முகவரி எந்த ஆண்டும் மாறக்கூடும். அவர் பதிவு, உரிமம், வங்கிக் கிளை எல்லாம் பழைய ஊரில் நிற்கும். அதை வடிவமைப்பிலேயே யோசித்தவர் அவர் ஒருவர்தான். மாவட்டம் விட்டு மாவட்டம் போனாலும் ஆதரவு தொடரும் என்று எங்கள் விதிமுறையில் ஒரு வரிகூட இல்லை.

அவருக்கு மூன்று லட்சம் ரூபாய் மானியம் கிடைத்தது. மேடையில் பெரிய அட்டைக் காசோலை, படம் எல்லாம் ஆயிற்று. இறங்கி வந்து என்னிடம் கேட்டார்: "மேடம், இதைச் செலவு பண்ணாம பேங்க்ல போட்டு வச்சு, அதை ஈடாக் காட்டிப் பெரிய கடனா வாங்கிக்கலாமா? ஒரு மெஷினுக்குப் பதிலா நாலு மெஷின் போடுவேன்." நான் ஒன்றரை மணி நேரமாக உங்களுக்குச் சொன்னதை அவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். மானியத் தொகையை வைப்பாக வைக்கவோ ஈடாகக் காட்டவோ கூடாது, ஓராண்டுக்குள் செலவுக் கணக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. முடியாதம்மா என்று சொல்லி அனுப்பினேன். அந்த விதியை எழுதிய மூவரில் நானும் ஒருத்தி.

மானியத்தில் பாதியையாவது கடன் உத்தரவாதமாக நிறுத்திவைக்க அனுமதிக்கும் திருத்தம் ஒன்றை அந்தக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தணிக்கையாளர் மூன்று ஆட்சேபங்களோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். இரண்டுக்குப் பதில் எழுதிவிட்டேன். மூன்றாவது, கடன் வாராமல் போனால் அந்தப் பணம் யார் கணக்கில் இழப்பாக எழுதப்படும் என்பது. வணிகவியல் துறையினர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். தேநீருக்கு முன் அதிலிருந்து தொடங்கலாம்.